ஒரே ஒரு முழுக்கு

அம்மா: ஒரே ஒரு முழுக்குங்க. போட்டுட்டு உடனே வந்துடறேன்.

அப்பா: முடியாது.

அம்மா: கழுத்து வரைக்கும்கூட வேண்டாம். இடுப்பு வரைக்கும்.

அப்பா: முடியாதுன்னா முடியாது. டாக்டர் என்ன சொன்னார்?

அம்மா: தோள்பட்டை சரியாகற வரைக்கும் தண்ணியில இறங்கவே கூடாதுன்னார்.

அப்பா: அப்புறம் என்ன?

அம்மா: இடுப்புலயா இருக்கு தோள்பட்டை?

மகள்: அம்மா, காலையிலேருந்து இதே பாட்டு. பக்கத்துக் குடைக்காரங்க எங்களைக் கொடுமைக்காரங்க மாதிரி பார்க்கறாங்க.

அம்மா: பார்க்கட்டுமே. வாரக்கடைசி ரெண்டு நாள் கடற்கரைன்னு கூட்டிட்டு வந்து, நாற்காலியில உக்கார வச்சு, கழுத்துலேருந்து கையைத் தொங்கவிடற பட்டையை மாட்டி... பசியோட இருக்கறவளைச் சமையல்கட்டுல கட்டிப்போட்ட மாதிரி இருக்கு எனக்கு.

அப்பா: கஷ்டம்தான். ஊர்ப் பிள்ளைங்க பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவ. மணல்ல உக்காந்து கடலைப் பார்த்துக்கிட்டு... இந்தா, ஒரு பன் சாப்பிடு.

அம்மா: ஆரம்பிச்சுட்டார். நல்லதுக்கும் பன், கெட்டதுக்கும் பன்.

மகள்: பேக்கரிக்காரரைக் கட்டிக்கிட்டு வேற என்னம்மா எதிர்பார்த்தே?

அம்மா: தோள் நழுவி ஆஸ்பத்திரியில கிடக்கறேன். ஓடி வந்தவர் என்னடி கேட்டார்? 'வலிக்குதா'ன்னா? 'பன் கொண்டு வரட்டுமா'ன்னு கேட்டார்.

அப்பா: அதைச் சாப்பிட்டியா இல்லையா?

அம்மா: ... சாப்பிட்டேன்.

மகள்: ரெண்டு சாப்பிட்டே.

அம்மா: நீ சும்மா இருடி. சரிங்க, நான்தான் இறங்கக்கூடாது. நீங்களாவது இறங்குங்களேன். கல்யாணமானதுலேருந்து முழங்காலுக்கு மேல நனைஞ்சிருக்கீங்களா?

அப்பா: குளிக்கறேனே.

அம்மா: வாளியிலே!

மகள்: அப்பா மழைக்கே கடைக்குள்ள ஒதுங்கறவர். கடல்ல எங்க இறங்கப்போறார்?

அம்மா: நீச்சல் டீச்சர் வீட்டுக்காரருக்குத் தண்ணின்னா பயம்னு என் வகுப்புப் பசங்களே சிரிக்கறாங்க. எனக்குத்தான் தலைக்குனிவு.

அப்பா: நான் அடுப்பு முன்னாடி நிக்கறவன்மா. எனக்கும் தண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். தண்ணி மாவுக்குத்தான்.

அம்மா: இந்தப் பக்கம் அலையே இல்லையே. சுத்திக் கல்லைக் கொட்டித் தடுத்து வச்சிருக்கான். குழந்தைங்க விளையாடற தண்ணி. காவலுக்கும் ஆள் நிக்கறான். எனக்கு மட்டும் டாக்டர் சரின்னு சொல்லியிருந்தா, இந்நேரம் அந்தக் கல்லைத் தொட்டுட்டுத் திரும்பியிருப்பேன்.

அப்பா: தெரியும்.

அம்மா: ரெண்டு தடவை.

அப்பா: தெரியும்மா.

மகள்: அப்பா, குடை! குடை ஆடுது... அம்மா, பிடி பிடி! பறக்கப்போகுது!

அம்மா: பிடிச்சுட்டேன்! கத்தாதே, பிடிச்சுட்டேன். என்ன காத்துடி இது... மணலை நல்லா அள்ளிப் போடுங்க அடியில. ம்... நிக்குது இப்போ. என்ன பார்க்கறீங்க?

அப்பா: எந்தக் கையால பிடிச்சே?

அம்மா: எந்தக் கைன்னா... அவசரத்துல ரெண்டு கையாலயும்...

அப்பா: பட்டை எங்க?

அம்மா: கழண்டு விழுந்துடுச்சு போல.

மகள்: தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சியேம்மா. வலிக்கலையா?

அம்மா: ஐயோ... ஆமா, வலிக்குது. சுள்ளுன்னு இழுக்குது.

மகள்: இப்பதான் ஞாபகம் வந்துதா?

அப்பா: சரி. எழுந்திரு.

அம்மா: எதுக்கு?

அப்பா: நீதானே கேட்டே? போ. ஒரு முழுக்குப் போட்டுட்டு வா.

அம்மா: ... என்னது?

அப்பா: போம்மா. நான் தடுக்கலை.

அம்மா: விளையாடாதீங்க. டாக்டர் சொன்னதைக் காத்துல பறக்கவிடச் சொல்றீங்களா?

அப்பா: இடுப்பு வரைக்கும் போ. இடுப்புலயா தோள் இருக்கு?

அம்மா: இப்பதான் பன் சாப்பிட்டேன். வயித்துல கனமா இருக்கு.

மகள்: ஒரு கடிதான் கடிச்சே. மிச்சம் இதோ.

அம்மா: வெயில் வேற ஏறிடுச்சு...

அப்பா: குழந்தைங்கல்லாம் இறங்கியிருக்கு.

அம்மா: ஜெல்லி மீன் இருந்தா?

மகள்: ஜெல்லி மீனா! காலையிலேருந்து 'விடுங்க விடுங்க'ன்னு கதறினது யாரு?

அம்மா: நான் என்ன... சும்மா ஒரு பேச்சுக்கு... அதுக்குன்னு உடனே தள்ளிவிடுவீங்களா ரெண்டு பேரும்?

அப்பா: நான் முடியாதுன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதானே கேட்டே?

அம்மா: அந்தப் பட்டையை இப்படிக் கொடுடி, மாட்டிக்கறேன்.

அப்பா: டாக்டர் நம்ம கடையிலதான் ரொட்டி வாங்கறார். தெரியுமா உனக்கு?

அம்மா: ... எந்த டாக்டர்?

அப்பா: உன் டாக்டர்தான். ஒரு நாள் ரொட்டியை வாங்கிக்கிட்டு, 'என்ன, வீட்டுல டீச்சரம்மா நீந்த ஆரம்பிச்சுட்டாங்களா? தோள் பழையபடி ஆயிடுச்சு, பட்டையைக்கூடக் கழட்டச் சொல்லிட்டேனே'ன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது.

அம்மா: எப்போ?

அப்பா: அது ஆச்சு ஒரு மாசத்துக்கு மேல.

அம்மா: ஒரு மாசமா தெரிஞ்சுமா எனக்குச் சோப்பு போட்டுவிட்டீங்க?

அப்பா: நீ கையை நீட்டிக்கிட்டு நின்னே. நான் என்ன பண்ண?

மகள்: எனக்கும் தெரியும்மா. தலை பின்னிவிட்டது நான்.

அம்மா: ரெண்டு பேரும் சேர்ந்து என்னை... சரி. சிரிங்க. நல்லா சிரிங்க.

அப்பா: யாரும் சிரிக்கலைம்மா. என்ன ஆச்சு, சொல்லேன்.

அம்மா: என்னத்தைச் சொல்ல... பயமா இருக்குங்க. அவ்வளவுதான். போதுமா?

அப்பா: ம்.

அம்மா: அன்னிக்கு நீச்சல் குளத்துல, ஆழமான பக்கம் நீந்திக் காட்டிக்கிட்டிருந்தேன். நடுவுல தோள் நழுவுச்சு. வலியில வாயைத் திறந்துட்டேன், தண்ணி உள்ள போயிடுச்சு. கீழ போறேன்... மேல பார்த்தா, பசங்க வரிசையா நின்னு கை தட்டறாங்க.

மகள்: கை தட்டினாங்களா?

அம்மா: டீச்சர் முங்கிக் காட்டறாங்கன்னு நினைச்சுட்டாங்கடி பாவம். அந்தக் கை தட்டற சத்தம் தண்ணிக்குள்ள கேட்டுது. அதுதான் இன்னும் கேக்குது. டாக்டர் சரின்னு சொன்ன மறுநாளே குளத்துக்குப் போனேன். ஓரத்துல நின்னேன். கால் எடுத்து வைக்க முடியலை. தரை கூட்டறவங்க வந்து 'தள்ளி நில்லுங்க டீச்சர்'னாங்க. அப்படியே திரும்பி வந்துட்டேன்.

அப்பா: திங்கக்கிழமை கோடை வகுப்பு ஆரம்பிக்குதே?

அம்மா: வரலைன்னு சொல்லிடறேன். எப்பப் பார்த்தாலும் விசில் ஊதிக்கிட்டிருக்காளே இன்னொரு டீச்சர், அந்த விசில்காரிகிட்ட கொடுத்துடுவாங்க. கொடுக்கட்டும். எனக்கு வேண்டாங்க. நான் உங்க கடைக் கல்லாவுல உக்காந்துக்கறேன்.

அப்பா: ஐயோ, வேண்டவே வேண்டாம். ரொட்டி வாங்க வர்றவனை நிக்க வச்சு, 'மூச்சை இழு... விடு... வயித்தை உள்ள வை'ம்பே. ஒருத்தன் மறுபடி வரமாட்டான்.

அம்மா: எனக்கு அழுகையா வருது, உங்களுக்குக் கிண்டலா இருக்கு.

அப்பா: இந்தா கண்ணு, நீ இந்தச் சட்டையைப் பிடி.

மகள்: கொடுங்க. கண்ணாடியையும் கொடுங்கப்பா.

அம்மா: எங்க கிளம்பிட்டார்? என்னங்க... என்ன பண்றீங்க?

அப்பா: கொஞ்சம் கால் நனைச்சுட்டு வரேன்.

அம்மா: கண்ணாடி இல்லாம உங்களுக்கு எதிர்ல இருக்கற யானையே தெரியாது. நில்லுங்க! ஏய், உங்கப்பாவைப் பிடிடி!

மகள்: முழங்கால்தானேம்மா. அதுக்கு மேல போகமாட்டார்.

அம்மா: போறாரே... தொடை வரைக்கும் போயிட்டார். என்னங்க! போதும்! வீரம் போதும், வாங்க! ஐயோ, இடுப்பு... சொன்னா கேக்கறாரா பாரு... எங்கடி? தலை எங்கடி? ஆளைக் காணோம்! காவலுக்கு நிக்கறவனைக் கூப்பிடு!

மகள்: அம்மா, அங்க பாரு.

அம்மா: எங்க?

மகள்: அங்க. வலதுபக்கம். அது அப்பாதான்.

அம்மா: ... அது... நீந்தறாரா?

மகள்: நீந்தறார்.

அம்மா: எங்க வீட்டுக்காரரா?

அப்பா: எப்படி... இருக்கு... டீச்சரம்மா?

அம்மா: பேசாதீங்க! வாயில தண்ணி போகும்! யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?

அப்பா: அந்த... விசில் டீச்சர்கிட்ட! ஒரு மாசமா... மத்தியானத்துல... கடை மூடற நேரத்துல!

அம்மா: விசில்காரிகிட்டயா? உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா? கட்டின பொண்டாட்டி நீச்சல் டீச்சர்! ஒரு வார்த்தை கேட்டீங்களா என்னை?

மகள்: அதான் மத்தியானம் தலை ஈரமா வந்தாரு. மாவு போகக் குளிச்சேன்னு சொன்னாரே.

அம்மா: நானும் நம்பினேன் பாரு... அடடா, என்ன கால் இது! ஏங்க! முட்டியை மடக்காதீங்க! சைக்கிளா ஓட்டறீங்க?

அப்பா: கேக்கலை!

அம்மா: முட்டி! முட்டியை மடக்கக் கூடாது! இடுப்பிலேருந்து அடிக்கணும்!

அப்பா: காத்து! ஒண்ணுமே கேக்கலை!

அம்மா: கடவுளே... இதையா சொல்லிக்கொடுத்தா அவ? பார்க்கவே கண்ணு கூசுது. கை வேற... ஏங்க, கையால தண்ணியை அடிக்காதீங்க, இழுங்க! என்னமோ ஈ விரட்டற மாதிரி... இவ்வளவு கோணலா நீந்தற ஆளை நான் வாழ்க்கையிலயே பார்த்ததில்லைடி.

மகள்: நான் போய்ச் சொல்லட்டுமா?

அம்மா: உனக்கு என்ன தெரியும்? நகரு. ஏங்க! அப்படியே நில்லுங்க! நான் சொல்றேன்... நான் வந்து சொல்றேன்...

மகள்: அம்மா, செருப்பு!

அம்மா: கிடக்கட்டும். நில்லுங்கன்னா! ஆங்... மல்லாக்கப் படுங்க. இப்படி... தலையை என் கையில வைங்க. உடம்பைத் தளர்த்துங்க. விறகுக்கட்டை மாதிரி விறைக்காதீங்க. இப்போ காலை நீட்டுங்க. முட்டி... முட்டி மேல ஒரு தட்டு தட்டுவேன்! ம், நீட்டியே வச்சு, இடுப்பிலேருந்து... மெதுவா.

அப்பா: இப்படியா?

அம்மா: இல்லை.

அப்பா: இப்படி?

அம்மா: அதைவிட மோசம். திரும்பிக் குப்புறப் படுங்க. இல்லை இல்லை... விடுங்க, நானே காட்டறேன். நல்லா பாருங்க, ஒரு தடவைதான் காட்டுவேன். கண்ணாடி இல்லைன்னு சாக்கு சொல்லாதீங்க. பக்கத்துல வந்து பாருங்க. கையை இப்படி முன்னாடி விட்டு... தண்ணியை இழுத்து... கால் தானா பின்னாடி வரும்...

மகள்: ...

அப்பா: ...

அம்மா: பார்த்தீங்களா? என்ன பேச்சே காணோம்? அந்தக் கல்லு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கேன், ஒரு பாராட்டு கிடையாதா?

மகள்: அம்மா... நீ எங்க இருக்கே தெரியுதா?

அம்மா: எங்க இருக்கேன், இங்கதான்...

மகள்: எங்க?

அம்மா: ... ஐயோ.

அப்பா: பயப்படாதே. நான் பக்கத்துலதான் நிக்கறேன். தோள் எப்படி இருக்கு?

அம்மா: தோளா... இருக்குங்க. அதோட இடத்துலயேதான் இருக்கு. ஒண்ணுமே ஆகலை... என்னங்க, ஒண்ணுமே ஆகலைங்க!

அப்பா: அழறியா?

அம்மா: கடல்தண்ணி. கண்ணுல பட்டுடுச்சு.

அப்பா: சரி, கடல்தண்ணி.

அம்மா: கையை விட்டுடாதீங்க கொஞ்ச நேரம்.

அப்பா: விடலை.

மகள்: அம்மா, திங்கக்கிழமை வகுப்புக்கு என்ன சொல்லட்டும்?

அம்மா: வர்றேன்னு சொல்லு. புதுசா ஒருத்தர் சேர்றார்னும் சொல்லு. சின்னப் பசங்களோட முதல் வரிசையில நிக்கணும் இவர். அந்த விசில்காரியை நேர்ல பார்த்து நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன். ஒரு மாசமா என்னதான் சொல்லிக்கொடுத்தா அவ? இப்படியா ஒரு மனுஷனை நீந்த விடுவா?

மகள்: அப்பா, இப்பவாவது சொல்லுங்களேன்...

அம்மா: என்னத்தை?

அப்பா: அந்தம்மாவைத் திட்டாதேம்மா. 'டீச்சர் கண்ணு முன்னாடி யாராவது முட்டியை மடக்கினா, அவங்களால கரையில உக்காந்திருக்கவே முடியாது'ன்னு யோசனை சொன்னதே அவங்கதான். ஒழுங்கா நீந்தறதை எனக்குச் சீக்கிரமே சொல்லிக்கொடுத்துட்டாங்க... முழுகாம இவ்வளவு மோசமா நீந்தக் கத்துக்கத்தான் மிச்ச நாளெல்லாம் ஆச்சு.