ஒரு பெண்ணிடம்கூடச் சொல்லலாம்

பார்லிக் கஞ்சி ஆறினால் பசையாகிவிடும், சாமி. இரண்டு வாய் குடியுங்கள். இது வெறும் மழைக் காய்ச்சல்தான். ஈரத்தோடு குதிரையில் வந்தீர்கள், பிடித்துக்கொண்டது. நீங்கள் படுத்திருக்கும்போதே நான் பேசிவிடுகிறேன். எழுந்துவிட்டால் உங்களுக்கு ஆயிரம் வேலை.

கொள்ளைநோயில் முதலில் செத்தவர் எங்கள் பங்குச் சாமியார். பக்கத்து ஊர்ச் சாமியார் ஓடிப்போனார். பாவத்தைச் சொல்லாமல் செத்தால் நேரே நரகம் என்று ஊரே நடுங்கியது. அப்போதுதான் ஆயரின் ஆள் வந்தான். கிட்டே வரப் பயந்து, கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்று உத்தரவைக் கத்திச் சொன்னான். சாகிறவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். ஆண் கிடைக்காவிட்டால் ஒரு பெண்ணிடம்கூட.

ஆண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். பீர் காய்ச்சி விற்கிற நான் உள்ளே போனேன்.

அந்தக் கோடையை எப்படிச் சொல்வது? செத்தவர்களின் நல்ல துணிகளை மிஞ்சியவர்கள் உடுத்திக்கொண்டோம். பண்ணையார் மனைவியின் சிவப்பு அங்கி எனக்கு வந்தது. பண்ணையின் ஏரை யாரும் தொடவில்லை. புதைகுழிகளுக்கு நடுவே குழல் ஊதி ஆடினோம். நான் குடிக்காமலே மிதந்தேன். வீட்டுக்கு வீடு ஒரு வாய் என் காதைத் தேடியது. எல்லைக்கல்லை யார் நகர்த்தினார்கள், யார் பிள்ளை யாருடையது, எல்லாம் எனக்குத் தெரியும். வெளியே வந்ததும் ஆளில்லாத சந்தில் பம்பரம்போல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன்.

மாவு அரைக்கும் ஹாமோ, என் பீரைக் குடிப்பதற்கு ஆற்றிலேயே வாய் வைக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன், அழுது அழுது சொன்னான். தராசை அழுத்திய கட்டைவிரல், தம்பி மனைவி, எல்லாவற்றையும். பிறகு அவன் அக்குளில் இருந்த நோய்க்கட்டி உடைந்தது. மறுநாள் போனால் எழுந்து உட்கார்ந்து பன்றிக்கறி கேட்கிறான்.

"உங்கிட்ட சொன்னதெல்லாம் கணக்குல வராதுடி அவிஸ்," என்றான். "பொழைச்சவன் மறுபடியும் சாமியார்கிட்ட சொல்லணுமாம். உத்தரவுல கடைசியா அதுதானே சொன்னான். நீ அவசரத்துக்குக் கெடைச்ச காது, அவ்ளோதான்."

"காதாவது நல்லா இருந்துச்சா, ஹாமோ?"

"உன் பீருக்கு எவ்வளவோ பரவால்ல."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் தலையணையை எடுத்தேன். நோய் தின்ற உடம்பு, அதிகம் உதறவில்லை.

கோபத்தில் செய்யவில்லை, சாமி. யோசித்துப் பாருங்கள். அன்று அவன் சுத்தமாக இருந்தான். விட்டிருந்தால் அறுவடைக்குள் கட்டைவிரல் தராசுக்குத் திரும்பியிருக்கும். சுத்தமாக இருக்கும்போதே அனுப்பிவைத்தேன். அதன்பிறகு கட்டி உடைந்து தேறுகிறவர்களை முதலில் போய்ப் பார்ப்பது நான்தான். பக்கத்து ஊரில் எத்தனையோ பேர் எழுந்து நடக்கிறார்கள், இங்கே படுத்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லையே என்று வந்த அன்றே கேட்டீர்கள். நல்ல கேள்வி.

பிறகு நோய் போய்விட்டது. யாரும் கூப்பிடவில்லை. சந்தையில் என்னிடம் பீரின் புளிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். நீங்கள் வந்தீர்கள். இனி எல்லோரும் என்னிடமே வாருங்கள் என்று பூசையில் சொன்னீர்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இன்று காலை உங்களைப் பார்க்க ஆண்கள் வந்தார்கள். அக்குளில் கட்டி வந்திருக்கிறது என்று சொன்னேன். சிதறி ஓடினார்கள், பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு சாமியாரும் இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கென்று எதுவும் வேண்டாம், சாமி. எல்லாம் உங்கள் ஆன்மாவுக்காகத்தான். சின்ன வயதிலிருந்து தொடங்குங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் ஆகாது.