மத்தியான மலை

கணவர்: ஐயோ... போதும், போதும்! இதுக்கு மேல தூக்கினா கை கழண்டு உங்க மேசையில விழுந்துடும்.

பிசியோ: நான் இன்னும் தொடவே இல்லண்ணே.

மனைவி: இவருக்கு வலி முன்னாடியே வந்து இடம் பிடிச்சுக்கும்.

கணவர்: சிரி, நல்லா சிரி. அடுத்த வாரம் கத்திரியோட கடையில நிக்கலேன்னா முதலாளி என் நாற்காலிக்கு வேற ஆள் போட்டுடுவார். தோளுக்கு மேல கை போகாதவன்கிட்ட முடி வெட்டிக்க யாரு தலையைக் குடுப்பா?

பிசியோ: கை போகுதுண்ணே.

கணவர்: எங்க போகுது? இப்பதானே பார்த்தீங்க!

பிசியோ: இங்க போகல. வீட்டுல போகுது. வீட்டுலயும் கட்டிக்கங்கன்னு பட்டை குடுத்தேனே, அதுல இருக்கற சென்சார் கை எவ்வளவு உயருதுன்னு கோடு போட்டு அனுப்பிடும். இந்த ஸ்கிரீனைப் பாருங்க. காலையில சமதரை. சாயங்காலமும் அப்படித்தான். மத்தியானம் மட்டும்...

மனைவி: அட, மலை மாதிரி நிக்குது!

பிசியோ: வாராவாரம் அந்த மலை வளருதுக்கா. நேத்து கை காதைத் தாண்டிப் போயிருக்கு.

கணவர்: மெஷின் பழுதா இருக்கும்.

பிசியோ: தினமும் மத்தியானம் மட்டும் பழுதாகுமா?

மனைவி: அப்ப நான் தூங்கிட்டு இருப்பேனே... என்னங்க பண்றீங்க?

கணவர்: கொசு... கொசு அடிப்பேன்.

பிசியோ: அண்ணே...

கணவர்: சரி, சரி. பிஸ்கட்!

பிசியோ: பிஸ்கட்டா?

கணவர்: எனக்குச் சர்க்கரை இருக்குன்னு இவ டப்பாவை அலமாரியில ஒளிச்சு வெச்சிருக்கா. ஒண்ணே ஒண்ணுதான் எடுப்பேன். அதுவும் சப்புன்னு கிடக்கு.

பிசியோ: எடுக்கறப்ப வலிக்கலையா?

கணவர்: இவ முழிச்சுக்குவாளோன்னு உதறல்ல... வலியை எங்க கவனிச்சேன்?

பிசியோ: அவ்வளவுதாண்ணே! தோள் சரியாயிடுச்சு. இங்க வந்தா பயம்தான் கையைப் பிடிச்சு இழுக்குது. அடுத்த வாரம் கடைக்குக் கிளம்புங்க!

கணவர்: நிஜமாவா டாக்டரம்மா? ஏய், கேட்டியா? என் நாற்காலி எனக்குத்தான்! சந்தோஷத்துல கண்ணே தெரியல எனக்கு... நீ ஏன் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கற? திருடினது தப்புதான், ஒத்துக்கறேன்.

பிசியோ: இருங்க, ஒண்ணு புரியல. ஒரே டப்பாதானே? மலை எப்படி வாராவாரம் வளரும்?

கணவர்: அதானே... முதல்ல இடுப்பு உயரத்துலதான் இருந்துச்சு.

மனைவி: டப்பாவுக்கென்ன, காலா முளைச்சுது? நான்தான் ஒவ்வொரு தட்டா மேல ஏத்தினேன். சர்க்கரை போடாத பிஸ்கட்டா தேடி வாங்கி நிரப்பிட்டு, சிரிப்பை அடக்கிக்கிட்டு தூங்கற மாதிரி கிடந்தேன். இவர்கிட்ட 'தூக்குங்க'ன்னு சொன்னா கை ஏறாது டாக்டரம்மா, 'தொடாதீங்க'ன்னு சொன்னாத்தான் ஏறும்!