கழற்றாத தொப்பி

மெல்வின்: படகை மெதுவா ஓட்டு மாப்ள. கொக்கி எதுலயோ மாட்டுது.

டார்சி: இழுங்க மச்சான்.

மெல்வின்: இரு... சைக்கிள்.

டார்சி: போன வாரம் கட்டில். இந்த ஆத்தை வெச்சு ஒரு கடையே போடலாம்.

மெல்வின்: நீ கல்லாவுல உக்காரு. படிச்சவன்.

டார்சி: காலையில ஸ்டேஷனுக்குப் போனேன். கொரின் காணாமப் போன கேஸ் என்னாச்சுன்னு கேட்டேன்.

மெல்வின்: என்னவாம்?

டார்சி: 'உங்க பழங்குடிப் பொம்பளைங்க இப்படித்தான். குடிச்சுத் தெளிஞ்சதும் வருவா.'

மெல்வின்: என் தங்கச்சி பீர் வாடைக்கே மூக்கைப் பொத்துவா.

டார்சி: சொன்னேன். எழுதிக்கல.

மெல்வின்: அந்தப் பணக்காரன் வீட்டு நாய் ஆத்துல விழுந்தப்ப மட்டும் படகு என்ன, முக்குளிக்கிற ஆளுங்க என்ன...

டார்சி: நாய் நம்ம பழங்குடி ரிசர்வ்லேர்ந்து வரல மச்சான்.

மெல்வின்: ம். இந்த வெயில்ல எதுக்குடா கம்பளித் தொப்பி?

டார்சி: காது குளிருது.

மெல்வின்: ஆகஸ்ட் மாசத்துல.

டார்சி: உங்க சட்டையில ஏன் புகை வாடை?

மெல்வின்: மீன் சுட்டேன்.

டார்சி: மீனுக்குப் புகையிலையா போடுவாங்க?

மெல்வின்: வாய மூடிட்டு ஓட்டு... அம்மா அழுவுறா. நாலு நாள் நெருப்பு மூட்டிப் புகையிலை போடலைன்னா செத்தவளுக்குப் போற வழி தெரியாதாம்.

டார்சி: மூட்டினா அவ செத்துட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. உடம்பு கிடைக்கட்டும்.

மெல்வின்: அதைத்தான் நானும் சொன்னேன். 'மாப்ள இன்னும் நம்பறான். அறுத்துச் செத்தவகூட வைக்க வேண்டிய தன் ஜடையையே அவன் அறுக்கல, நாம யாரு நெருப்பு மூட்ட'ன்னு.

டார்சி: நல்லது.

மெல்வின்: அவதானே உனக்குப் பின்னி விடுவா?

டார்சி: இழுத்துப் பின்னுவா. தலை வலிக்கும்.

மெல்வின்: இப்ப யாரு பின்றா?

டார்சி: கொக்கியப் பாருங்க மச்சான்.

மெல்வின்: தொப்பியக் கழட்டு.

டார்சி: நீங்க மொதல்ல அந்த மீனைப் பத்திச் சொல்லுங்க.

மெல்வின்: ...மூட்டிட்டேன்டா. மேட்டுக்குப் பின்னாடி. நீ பாத்துடக் கூடாதுன்னு. நேத்தோட முடிஞ்சுது.

டார்சி: தனியாவா?

மெல்வின்: தனியாதான். மூணாம் நாள் கண்ணசந்துட்டேன். அணைஞ்சிருக்கணும். முழிச்சுப் பாத்தா நல்லா எரியுது... எப்படின்னே தெரியல.

டார்சி: விறகு போட்டது நான்தான் மச்சான். கூட வைக்க உடம்பு இல்லையே... என் ஜடையை அதுலயே போட்டுட்டுத்தான் விறகு போட்டேன்.