படி ஏறும் ஆபீஸ்

மேனேஜர்: மணி அடிக்காதீங்க! கையை எடுங்க அதுலேருந்து!

லிஃப்ட்காரர்: அடிக்காம எப்படி சார் ஆள் வருவாங்க? நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கோம்.

மேனேஜர்: கொஞ்சம் பொறுங்க. தானா கிளம்பும்.

லிஃப்ட்காரர்: முப்பத்தொரு வருஷமா இதை ஓட்டுறேன். தானா நின்னிருக்கு. தானா கிளம்பி நான் பார்த்ததில்லை.

மேனேஜர்: சத்தமா பேசாதீங்க... ஆறாவது மாடி ஹால்ல எல்லாரும் எனக்காக உட்கார்ந்திருப்பாங்க. ஹெட் ஆபீஸ் அம்மாவே வந்திருக்காங்க. நூறு நாள் லிஃப்ட் ஏறாம பூமியைக் காப்பாத்துன ஆபீஸ்னு சர்டிபிகேட் குடுக்க.

லிஃப்ட்காரர்: ஆமா. வாங்கப் போறவரு லிஃப்டுக்குள்ள இருக்காரு.

மேனேஜர்: குத்திக் காட்டாதீங்க பெரியவரே. எனக்கு முட்டி வலி. உங்களுக்குத் தெரியாதா?

லிஃப்ட்காரர்: எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத்தான் தெரியாது. கீழ வண்டி நிறுத்துற இடத்துல ஏறி அஞ்சாவது மாடியில இறங்குறீங்க. பாட்டில் தண்ணியை நெத்தியில, சட்டையில தெளிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே ஒரே ஒரு மாடி ஏறிப் போறீங்க.

மேனேஜர்: ஒரு மாடியாவது ஏறுறேனே!

லிஃப்ட்காரர்: நானும்தான் ஏறுறேன். காலையில எட்டு மணிக்கு மொட்டை மாடி வரைக்கும், ஏழு மாடி. அங்க மெஷின் ரூம்ல மெயின் சுவிட்சைப் போட்டாத்தானே உங்களுக்கு லிஃப்ட் ஓடும்?

மேனேஜர்: சரி சரி...

லிஃப்ட்காரர்: இன்னைக்கு தெளிச்சாச்சா?

மேனேஜர்: எதுக்கு? இந்தப் புழுக்கத்துல தானாவே வேர்க்குது.

லிஃப்ட்காரர்: அப்ப தண்ணி மிச்சம். அதுவும் நல்ல பழக்கம்தான்.

மேனேஜர்: உங்களுக்கு விளையாட்டா இருக்கு. ஏன் நின்னுச்சு, அதைச் சொல்லுங்க.

லிஃப்ட்காரர்: மணி ஒன்பது. மேல மெயினை அணைச்சுட்டாங்க. எட்டுலேருந்து ஒன்பது வரைக்கும் சாமான் ஏத்த மட்டும்தான் கரண்டு, அப்புறம் அணைச்சிடணும்னு போர்டு எழுதி வெச்சது யாரு?

மேனேஜர்: நான்தான். ஆனா அணைக்கிறது உங்க வேலையாச்சே!

லிஃப்ட்காரர்: நேத்து வரைக்கும். நீங்க போய்ச் சேர்ந்தீங்களான்னு பார்த்துட்டுத்தான் அணைப்பேன். நேத்து சாயங்காலம் மெஷின் ரூம் சாவியை கேன்டீன்காரர்கிட்ட குடுக்கச் சொன்னீங்க. இன்னையோட என் வேலை முடியுதுல்ல... மறந்துட்டீங்களா?

மேனேஜர்: மறப்பேனா...

லிஃப்ட்காரர்: அவரு ஒழுங்கான ஆளு. ஒன்பதுன்னா ஒன்பது. நீங்கதான் இன்னைக்கு லேட்டு.

மேனேஜர்: அவருக்கு மட்டும் ரகசியமா ஒரு போன்... சே, இந்தப் பெட்டிக்குள்ள டவரே எடுக்கல.

லிஃப்ட்காரர்: எடுக்காது. அதுவரைக்கும் நம்ம விஷயத்தைப் பேசுவோம். என் வேலைக்காக மேலிடத்துல பேசுறேன்னீங்களே?

மேனேஜர்: பேசினேன்... பேசாம இருப்பேனா? எவ்வளவோ மன்றாடினேன். அவங்க கேக்கல.

லிஃப்ட்காரர்: அப்படியா.

மேனேஜர்: யாருமே ஏறாத லிஃப்டுக்கு ஆள் எதுக்குன்னு ஒரே கேள்வியில மடக்கிட்டாங்க. நான் என்ன பண்ண?

லிஃப்ட்காரர்: டார்ச் அடிக்கிறேன். இதைக் கொஞ்சம் படிங்க.

மேனேஜர்: என்னது... உங்களுக்கு வந்த லெட்டரா?

லிஃப்ட்காரர்: எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மூணு நாளா கூட்டிக்கிட்டிருக்கேன். நேத்துதான் கடைசி வரிக்கு வந்தேன். ‘மேனேஜரின் வேண்டுகோளின்படி’. அப்படித்தானே? இல்ல, நான் தப்பாக் கூட்டிட்டேனா?

மேனேஜர்: டார்ச்சைக் கிட்டக் காட்டுங்க... இந்த வரியா?

லிஃப்ட்காரர்: சார்?

மேனேஜர்: சரியாத்தான் கூட்டியிருக்கீங்க.

லிஃப்ட்காரர்: ம்.

மேனேஜர்: தப்பா நினைக்காதீங்க. கரண்டு குறைஞ்சதைக் காட்டினா மட்டும் போதாது, லிஃப்டையே மூடிட்டோம்னு காட்டினாத்தான் சர்டிபிகேட்டுன்னாங்க. மூடின லிஃப்டுக்கு முன்னாடி ஒரு ஆள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தா...

லிஃப்ட்காரர்: பார்க்க அசிங்கமா இருக்கும்.

மேனேஜர்: நான் அப்படிச் சொல்லல.

லிஃப்ட்காரர்: என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா கிடக்குறா சார். அவ மருந்து இந்த ஸ்டூல்லேருந்துதான் போகுது. இந்த வயசுல வேற எவன் என்னைக் கூப்பிட்டு ஸ்டூல் போடுவான்?

மேனேஜர்: நீங்க... சொன்னதே இல்லையே.

லிஃப்ட்காரர்: நீங்க கேட்டதே இல்லையே. நூறு நாள் இந்த நாலு சுவத்துக்குள்ள பேசிக்கிட்டேதான் வந்தீங்க. பல்லு விளக்குறப்ப குழாயை மூடணும்னீங்க. குருவிக்குத் தண்ணி வைக்கணும்னீங்க. நல்ல விஷயம்தான், மூடுறேன், வைக்கிறேன். குருவிக்குத் தொண்டை காயுமேன்னு கவலைப்பட்ட மனுஷனுக்கு, எதிர்ல நிக்கிறவன் வீட்ல அடுப்பு எரியுதான்னு கேக்கத் தோணலை.

மேனேஜர்: போதும் பெரியவரே. எழுதித் தரேன். ஆள் தேவைன்னு இப்பவே எழுதித் தரேன். பேப்பர் இருக்கா?

லிஃப்ட்காரர்: இந்த லெட்டரோட பின்பக்கம் காலியாத்தான் கிடக்கு. பேப்பரை ரெண்டு பக்கமும் எழுதணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.

மேனேஜர்: காரணம்? காரணம்னு ஒண்ணு எழுதணுமே. லிஃப்ட்ல யாரும் ஏறுறதில்லைன்னு நானே சொல்லிட்டு...

லிஃப்ட்காரர்: அவசரத்துக்கு ஆள் வேணும்னு எழுதுங்க. இதைவிட என்ன அவசரம்?

மேனேஜர்: டார்ச்சை இப்படிப் பிடிங்க... ஆச்சு. கையெழுத்தும் போட்டாச்சு.

லிஃப்ட்காரர்: இருங்க, கூட்டிப் பார்த்துக்கிறேன்.

மேனேஜர்: என்னை நம்ப மாட்டீங்களா?

லிஃப்ட்காரர்: மாட்டேன். தே... தேவை... தேவைப்படு... கிறார். ம், சரியா இருக்கு. இப்ப மணி அடிக்கட்டுமா?

மேனேஜர்: வேண்டாம்! உஸ்... மேல யாரோ கதவைத் தட்டுறாங்க.

கேன்டீன்காரர்: அண்ணே! உள்ள இருக்கீங்களாண்ணே?

மேனேஜர்: நான் இல்லைன்னு சொல்லுங்க.

லிஃப்ட்காரர்: இருக்கேன்ப்பா. போய் மெயினைப் போடு.

கேன்டீன்காரர்: போடுறேண்ணே. பின்பக்கம் சாமான் லிஃப்டுக்கும் அதே மெயின்தானா?

லிஃப்ட்காரர்: ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஏன்?

கேன்டீன்காரர்: அதுக்குள்ளேருந்து ஒரே கூச்சல்!

மேனேஜர்: யாரு கூச்சல் போடுறது?

கேன்டீன்காரர்: ஐயோ... சாரா? சார் உள்ளயா இருக்கீங்க?

மேனேஜர்: நான்... லிஃப்ட் ஒழுங்கா மூடியிருக்கான்னு பார்க்க வந்தேன்.

கேன்டீன்காரர்: உள்ள போயா சார்?

மேனேஜர்: அதை விடுங்க. ஹால்ல என்னைத் தேடுறாங்களா?

கேன்டீன்காரர்: ஹால்ல நாற்காலிதான் சார் இருக்கு. ஆபீஸ்காரங்க பதினாலு பேரும் சாமான் லிஃப்டுக்குள்ள.

மேனேஜர்: பதினாலு பேருமா! ஹெட் ஆபீஸ் அம்மா?

கேன்டீன்காரர்: அவங்களோட பதினஞ்சு. முதல்ல கத்தினதே அவங்கதான்.

மேனேஜர்: அப்ப... தினமுமா? பெரியவரே, இது உங்களுக்குத் தெரியுமா?

லிஃப்ட்காரர்: உங்களை இறக்கி விட்டுட்டுப் பின்பக்கமாப் போய் அவங்களை ரெண்டு நடையா ஏத்துறது யாருன்னு நினைச்சீங்க? இன்னைக்கு நான் உங்களுக்காகக் காத்து நின்னேன், அவங்களா ஒண்ணா ஏறிக்கிட்டாங்க. மேனேஜருக்குத் தெரிய வேண்டாம்னு அவங்க சொன்னாங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நீங்க சொன்னீங்க. ரெண்டு பக்கமும் வாயை மூடிக்கிட்டிருந்தேன் சார்... லிஃப்ட் ஆளு எங்களுக்குத் தேவையில்லைன்னு இந்த லெட்டரோட சேர்த்துப் பின் அடிச்ச தாள்ல, ஆபீஸ்காரங்க பதினாலு பேரும், பதினஞ்சாவதா நீங்களும், ஒருத்தர் விடாம கையெழுத்துப் போட்டிருக்கீங்க.