பெயின்ட் வாளியில் ஓர் அன்னாசி

— கத்திய அங்கிட்டு வையி, ராஜகுமாரி. நான் கேக்குறதுக்குப் பதிலச் சொல்லிட்டு அப்புறமா அத வெட்டு.

— கேளுங்க, யாரு வேணாம்னா? தோலச் சீவிக்கிட்டே சொல்றேன்.

— இந்த அன்னாசிக் கன்ன ஒனக்கு யாரு குடுத்தது?

— கன்னு இல்லீங்க. பழத்துத் தலையில இருக்குமே, கொண்டை. அதத்தான் நட்டேன்.

— கொண்டையோ கன்னோ, யாரு குடுத்தது?

— ரெண்டு வருசமா வாசப்படியில நிக்குது. போகையில வரையில முள்ளு ஒங்க காலக் கீறியிருக்கு. அப்ப எல்லாம் கேக்காம, இன்னிக்குப் பழுத்த பொறகு கேக்குறீங்க?

— இன்னிக்குத்தானே அந்தக் கஜேந்திரன் வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, "தனபால் அண்ணே, நம்ம அன்னாசி பழுத்துருச்சு போல"ங்குறான். நம்ம அன்னாசியாம்! வாளி நான் கடையில இருந்து தூக்கிட்டு வந்த பெயின்ட் வாளி. வாசல் என் வாசல். அவனுக்கு என்ன நம்ம?

— பக்கத்து வீட்டுக்காரர், நாற்று மேடையில வேல பாக்குறவர். எப்புடி நடுறதுன்னு கேட்டேன், சொன்னார். அடி இலைய உரிச்சுட்டு மூணு நாள் நெழல்ல காய விடணும், தண்ணி அதிகம் ஊத்தக் கூடாதுன்னார். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? போன வருசம் நான் வந்து பாக்குறேன், செடிக்கு மேல ஒரு பொலித்தீன் சிலிசிலி பேக்கக் கவுத்து வச்சிருக்க. உள்ள அழுகின வாழப்பழம். என்னான்னு கேட்டா, "இப்புடி வச்சா பூக்கும்னு கஜேந்திரன் அண்ணன் சொன்னார்"ங்குற.

— பூத்துச்சே! ஒவ்வொரு கண்ணுலயும் ஒரு பூ, கத்தரிப் பூ நெறத்துல. நீங்கதான் பாக்கல.

— நான் எங்க பாக்குறது? காலையில கடைக்கு எறங்குனா பொழுது சாஞ்சுதான் இந்த ஹந்தானை ஏத்தத்த ஏறி வர்றேன். நீயும் அவனுமா நின்னு பாத்திருப்பீங்க.

— நானும் குரங்கும்தான் பாத்தோம்.

— சிரிக்காத புள்ள. குரங்கு புடுங்கிரும்னு என் சாரத்தக் கிழிச்சு அதுக்கு ஒறை தச்சுப் போட்ட. என் கமிசு கை பிரிஞ்சு ஒரு மாசமா மிசின் மேல கெடக்குது. ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் தைக்கிற, அதுக்கு மட்டும் ஒனக்கு நேரமில்ல.

— சரி, நாளைக்குத் தைக்கிறேன்.

— கமிசப் பத்தியா நான் பேசுறேன்? அவன் குடுத்ததுதானே? சொல்லிரு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்.

— மூஞ்சியப் பார்த்தா அப்புடித் தெரியலீங்க.

— வயித்தெரிச்சலா இருக்கு, ராஜகுமாரி. மறைக்க என்ன இருக்கு? காலையில எந்திரிச்சதும் நீ மொதல்ல அது முன்னால போயி நிக்குற. எனக்கு ஊத்துன தேத்தண்ணி ஆறிப் போகுது. நீ அதப் பாக்குற பார்வை இருக்கே... ஆசையா பார்த்தாக்கூட விட்டுருவேன். என்னத்தையோ எண்ணிக்கிட்டு நிக்குற மாதிரி நிக்குற.

— எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன்.

— என்னத்த?

— மாசத்த. கொண்டைய நட்டா பழுக்குறதுக்கு ரெண்டு வருசம் ஆகும்னு சொன்னாங்க. சரி, இது பழுக்குற வரைக்கும் ஒங்கள ஒண்ணும் கேக்குறதில்லன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

— என்னைய என்ன கேக்கணும் நீ?

— இருங்க. யாரு குடுத்ததுன்னுதானே கேட்டீங்க, அத மொதல்ல சொல்றேன். முந்தின வருசம் வெசாக் பண்டிகை முடிஞ்ச கெழம, அம்பிட்டியப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சாரிச் சட்டை குடுக்கப் போனேன். புது ஆளு. சுபாஜினின்னு ஒரு டீச்சர். சின்னப் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்குறவங்க.

— அம்பிட்டியவா?

— ஆமாங்க. போன நேரம் மழ புடிச்சுக்கிச்சு. "உக்காருங்க அக்கா"ன்னு கதிரை போட்டாங்க. ஒரு அன்னாசிய எடுத்துட்டு வந்து என் முன்னாலயே வெட்டி, உப்பும் மொளகாத்தூளும் பெரட்டித் தட்டுல வச்சாங்க. அப்புடி ஒரு இனிப்ப நான் தின்னதில்ல. எப்பவாச்சும் நீங்க இங்க வாங்கிட்டு வர்றத வெட்டுனா உள்ள கறுத்துக் கெடக்கும். அது சொட்டுது. "யாரு பாத்து வாங்குனது?"ன்னேன். அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு, "வெள்ளிக்கெழமையானா ஒருத்தர் கொண்டு வருவார் அக்கா, மோந்து பாத்துத்தான் வாங்குவார்"னுச்சு.

— வெட்டுனது போதும். அந்தத் தட்ட வையி.

— இன்னும் கண்ணு எடுக்கல. கண்ணோட தின்னா நாக்க அறுக்கும். அந்த நாள்ல நீங்க வெள்ளிக்கெழமையானா கட்டுக்கலைக் கோயிலுக்குன்னு போயிட்டு, நெத்தி நெறையத் திருநீறோட வருவீங்க. நானும் தொட்டுப் பூசிக்குவேன்.

— கண்டியில வெள்ளிக்கெழம பழம் வாங்குறவன் நான் ஒருத்தன்தானா?

— கதவுக்குப் பின்னால மழக் கோட்டு ஒண்ணு தொங்குச்சுங்க. மூணாவது பொத்தான் மட்டும் பச்சை. அதே நெறத்துல பொத்தான் கெடைக்காம, என் பழைய கவுன்ல இருந்து பிரிச்சு நான் தச்சது. பஸ்ஸுல தொலைச்சுட்டேன்னு சொன்னீங்களே, அந்தக் கோட்டு.

— அங்க என்ன பண்ணுன நீ?

— நான் கூப்பாடு போடல. தட்டுல இருந்தத ஒரு துண்டு விடாம தின்னேன். அவளுக்குன்னு மோந்து பாத்து வாங்குனத நான் தின்னுட்டேன்னு ஒரு சந்தோசம். ஆனா தின்னத் தின்ன நெஞ்சு எரிஞ்சுச்சு. எந்திரிக்கையில, "அந்தக் கொண்டையத் தூரப் போடாதீங்க, எனக்குத் தாங்க"ன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். வழி நெடுக முள்ளு தொடையில குத்திக்கிட்டே வந்துச்சு.

— அதையா தெனமும் பாத்துக்கிட்டு நின்ன? ரெண்டு வருசமா?

— என் வாசல்லயும் ஒண்ணு காய்க்கட்டும்னு நின்னேன். அவ தின்னாளே, அது மாதிரி ஒண்ணு.

— நாளைக்கு வாளியோட தூக்கிக் கீழ ஆத்துல போட்டுர்றேன்.

— போட வேண்டியதில்ல. ஒரு செடி ஒரு தடவதான் காய்க்கும். அது வேல முடிஞ்சுருச்சு.

— இங்க பாரு ராஜகுமாரி. பண்ணுனது தப்புத்தான், இல்லங்கல. ஆனா போன தீவாளியோட எல்லாம் முடிஞ்சுச்சு. அதுவும் நானாத்தான் விட்டேன். ஒன் மூஞ்சியப் பாக்கையில மனசு கேக்கல. இனிமே வர மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தேன். ஒனக்காகத்தான் விட்டேன். அத மட்டுமாச்சும் நம்பு.

— தீவாளிக்கு முந்தின கெழம அவளுக்கு மாத்தளையில மாப்பிள்ள நிச்சயமாச்சு. நீங்க சோறு எறங்காம கெடந்தீங்க, காய்ச்சலோன்னு கேட்டவங்களுக்கெல்லாம் ஆமான்னு சொல்லி ரசம் வச்சுக் குடுத்தேன். தையில கலியாணம். அந்தக் கலியாணச் சாரிக்குச் சட்டை தச்சுக் குடுத்ததும் நான்தாங்க. அளவு எடுக்கக் கூப்புடவே இல்ல, அவ அளவு எனக்கு மனப்பாடம்.