அசைந்தால் பழம்பொரி

கை கழுவாமல் கணினியைத் தொடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, சார். எங்கள் பட்டறையில் எந்நேரமும் மாவும் பசையுமாக இருக்கும். எத்தனை சொன்னாலும் பிள்ளைகளுக்கு உறைக்காது. ஹஸ்னா மட்டும் தவறாமல் கழுவிவிட்டு வருவாள்.

கணினியில் வரைந்ததை இயந்திரத்தில் வெட்டவும் அச்சிடவும், பிசின், கடல்பாசி, காப்பிச் சக்கை என்று எதையாவது பிசைந்து புதுப்பொருள் செய்யவும் அங்கே சொல்லித்தருகிறேன். ஜன்னல் இல்லாத ஏசி அறை. என்னிடம் படித்தவர்கள் எல்லாம் ஜெர்மனி, ஹாலந்து என்று பறந்துவிட்டார்கள். முதல் ஓணத்துக்கு வாழ்த்து அனுப்புவார்கள். மறு வருஷம் அதுவும் இருக்காது. நான் அதே கொச்சியில், அதே அறையில், இயந்திர முனையில் அடைத்துக்கொண்ட பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். சில நாள் மூச்சு முட்டும்.

ஹஸ்னா கோழிக்கோட்டுப் பெண். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவாள். இவள் என்னோடு இருந்துவிடுவாள் என்று நம்பினேன். ஒரு நாள் கையில் சாயாவோடு வந்து நின்றாள்.

"ரெஜிசேட்டா, எனக்கு ஆம்ஸ்டர்டாம்ல இடம் கிடைச்சிடுச்சு. நான் போயிட்டா இந்தக் குகைய யாரு பாத்துப்பா?"

"அதான் கிழட்டுப் பேய் நான் இருக்கேனே."

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் இயந்திர முனையைச் சுரண்டப் போனேன்.

அடுத்த வாரம் வார்ப்புப் பாடம். கடல்பாசிப் பொடியைக் குழைத்து, அது ரப்பர் மாதிரி உறையும்வரை கையை உள்ளே வைத்திருந்து உருவிக்கொள்ள வேண்டும். அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றினால் கையின் வார்ப்பு கிடைக்கும். இரண்டும் வெள்ளைப் பொடிகள். பாசி குளிர்ந்தே இருக்கும். பிளாஸ்டர் கல்லாக இறுகும், இறுகும்போது கொதிக்கும். கணினிப் பிள்ளைகள் பொடியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், டப்பாவில் ஒட்டியிருப்பதைத்தான் படிப்பார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அச்சு இறுகும் முன் அசைகிறவர் எல்லாருக்கும் சாயாக்கடைப் பழம்பொரி வாங்கித் தர வேண்டும். ஹஸ்னா ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை. அதில் அவளுக்குப் பெரிய பெருமை.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் குழைத்துக் கொடுத்த வாளியில் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை விட்டு, விரல்களை விரித்து வைத்துக்கொண்டாள்.

"சேட்டா, சூடா இருக்கே."

"உன் கைச்சூடுதான் மோளே. அசைஞ்சா பழம்பொரி."

"அய்யடா, அந்த ஆசை மட்டும் வேண்டாம்." பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, "சேட்டா, கை வர மாட்டேங்குது" என்றாள். அதன் பிறகு வந்ததெல்லாம் அலறல்தான். நான் ஏசியைக் கூட்டி வைத்தேன். மற்றவர்கள் ஓடி வந்தபோது சுத்தியலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். மெதுவாகத் தட்டச் சொன்னேன். அச்சு அருமையாக வந்திருந்தது.

தவறுதலாக நடந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பாசி டப்பாவைக் காலி செய்து பிளாஸ்டரை நிரப்பியவன் நான். பொருள் விஷயத்தில் நான் தவறு செய்கிறவன் அல்ல.

விரல்கள் மிஞ்சவில்லை என்று டாக்டர் சொன்னாராம். என்னை ஏதோ மிருகத்தைப் பார்ப்பது போல் பார்க்கிறீர்கள். அவள் இனி ஊர் விட்டு ஊர் அலைய வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொள்வேன். அவளுடையதைப் போலவே விரல்களை அச்சிட்டுத் தருவேன். அளவெடுக்க அவளைத் தொந்தரவுகூடச் செய்ய வேண்டாம், சார். முந்தின நாளே, கை கழுவிவிட்டு வந்தவளை நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்கேன் செய்து வைத்துவிட்டேன்.