ஊர் வாய்க்கு ஒரு மூடி

எனக்குச் சோப்பு வாசனையே ஆகாது, மேடம். தும்மல் வந்துவிடும். அதனால் தங்கச்சி சமையலறையில் சோப்புக் காய்ச்சும்போது நான் கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் வியாபாரம் வளர்ந்தது அந்தக் கூடத்தில்தான். இதை அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பாள்.

முதலில் அக்கம்பக்கத்தில் நாலு பேர் வாங்கினார்கள், அதுவும் முகதாட்சண்யத்துக்காக. இணையத்தில் பக்கம் தொடங்கியது நான். படம் எடுத்தது, வீடியோ போட்டது, விளம்பரம் கொடுத்தது எல்லாம் நான். பாஸ்வேர்டும் என்னிடம்தான். ஜனங்களின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. சோப்புக்குப் பக்கத்தில் நாலு ரோஜா இதழைத் தூவிப் படம் போட்டால், சோப்பிலேயே ரோஜா இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். நான் எங்கேயும் அப்படி எழுதவில்லை. நம்புகிறவர்களைத் தடுக்க நான் யார்?

அதே ஜனங்கள்தான் குறை சொல்லவும் வருவார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அது அந்தக் காலம். இப்போது அதற்கும் மூடி வந்துவிட்டது. பக்கத்தின் செட்டிங்கில் சில வார்த்தைகளைக் கொடுத்து வைத்தால் போதும். அந்த வார்த்தை உள்ள கருத்து வேறு யார் கண்ணிலும் படாது. எழுதியவர் போனில் மட்டும் தெரியும். ஊரே படித்துவிட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். நான் ‘மோசம்’, ‘அரிப்பு’, ‘எரியுது’ என்று கொடுத்து வைத்தேன். யாரையும் திட்டியதில்லை, மேடம்.

குழந்தைகளுக்கான சோப்பு என்று ஒன்றை அறிவித்தேன். தேதியும் சொல்லியாயிற்று. அப்போது பார்த்துத் தங்கச்சி கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

“காஸ்டிக் சோடா எடை போட்டுட்டு இருக்கும்போது பாப்பா அழுதாண்ணா. தூக்கப் போனேன். திரும்பி வந்து ரெண்டாவது தடவையும் போட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. சோதிச்சுப் பார்க்காம அனுப்பிடாத.”

“நான் பார்த்துக்கறேன். நீ பாப்பாவப் பாரு.”

எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டேன். சோதித்தாயிற்று, பிரமாதமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். சொன்ன தேதியில் அனுப்பாவிட்டால் அந்த ஜனங்கள் என்ன பேச்சுப் பேசுவார்கள் தெரியுமா?

கருத்துகள் வந்தன. எரியுது, தோல் உரியுது, எரியுதுன்னு பிள்ளை கதறுது. மூடி தன் வேலையைச் செய்தது. நான் மட்டும் ஒன்று விடாமல் படித்தேன். ஒரு அம்மா பிள்ளையின் முதுகைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். வெளிச்சமே சரியில்லாத படம்.

தங்கச்சி வந்து கேட்டாள். “யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாண்ணா? நம்ம பாப்பாக்கும் அதையே போடலாமான்னு பார்க்கறேன்.”

“நீயே பாரேன்.”

அவள் போனில் வரிசையாக இதயங்கள். முகம் மலர்ந்துவிட்டது. குளிப்பாட்டும்போது ஒரு படம் எடுத்துத் தா, நம் பக்கத்தில் போடலாம் என்று நான்தான் கேட்டேன். தாய்மாமன் ஆசைப்பட்டால் மறுப்பாளா?

பாப்பாவுக்கு ஒரு கண் தேறிவிட்டது. இன்னொன்று தேறாது என்கிறார் டாக்டர். வருத்தம் இல்லாமல் இல்லை, நானும் மனுஷன்தானே. ஆனால் குழந்தையின் கண்ணில் நுரை படாமல் பார்த்துக்கொள்ள ஒரு தாய்க்குத் தெரிய வேண்டாமா?

ஆம், தெரிந்தேதான் செய்தேன். சோதிக்காமல் அனுப்பியது நான். மறைத்தது நான். தங்கச்சியிடம் பொய் சொன்னதும் நான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் எங்கள் பக்கத்தில் ஒரு கருத்து எழுதினாள். “தயவுசெஞ்சு யாரும் இந்தச் சோப்பைப் போடாதீங்க. எரியுது. என் பொண்ணுக்குக் கண்ணே போச்சு.” அவள் போனில் அது இருக்கிறது. ஊரே படித்துவிட்டது, மற்றக் குழந்தைகளாவது தப்பித்தன என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். வாங்கினவர்கள் வீட்டில் இன்னும் பாதிச் சோப்பாவது மிச்சமிருக்கும்.

‘எரியுது’ என்ற வார்த்தையை மூடியிலிருந்து நான் இன்னும் எடுக்கவில்லை. குடும்ப விஷயத்தைச் சந்திக்குக் கொண்டுவரலாமா, மேடம்? தங்கச்சி மானத்தை அண்ணன் காப்பாற்றாமல் வேறு யார் காப்பாற்றுவார்கள்?